விண்டோஸை மறுபடியும் பதியாமல் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது எப்படி?

லேப்டாப்பைத் தட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் தேநீர் கலக்கிக் கொண்டு வந்து உட்கார்ந்தாலும் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். தஞ்சோங் ரம்புத்தான், சிம்மோர், தம்புன் வட்டாரங்களில் இந்தக் கதையைச் சொல்லாத வீடு குறைவு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காக அவசரமாக வாங்கப்பட்ட லேப்டாப்புகள் இப்போது வயதாகி நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு முழுப் பழுது எதுவும் இல்லை. உள்ளே சுழலும் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், மட்டும்தான் தளர்ந்திருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஹார்ட் டிஸ்க்கை மாத்திட்டு விண்டோஸைப் புதுசாப் போடணும்" என்பதாகவே இருக்கும். அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் அது ஒன்றே வழி என்பது உண்மையில்லை. பழைய தட்டில் உள்ள அனைத்தையும், விண்டோஸ் இயங்குதளத்தோடு சேர்த்து, புதிய தட்டுக்கு அப்படியே நகலெடுக்க முடியும். இதைக் குளோன் செய்வது என்பார்கள். மாற்றி முடித்தபின் அதே கடவுச்சொல், அதே முகப்புப்படம், அதே கோப்புகளோடு லேப்டாப் திறக்கும்.

மறுபதிவில் போவது என்ன?

விண்டோஸைப் புதிதாகப் பதிந்தால், இதுவரை அமைத்து வைத்த மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். தையல் கடையின் கணக்கு மென்பொருள், கோயில் நிர்வாகத்தின் நன்கொடைப் பட்டியல், பிரிண்டர் அமைப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மென்பொருளின் குறுவட்டோ பதிவு எண்ணோ தொலைந்திருந்தால் அதுவும் முடியாது. டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் பகுதியிலும் சிதறிக் கிடக்கும் படங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், அவை திரும்பக் கிடைப்பது அரிது.

தோட்டப்புற வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் பதிவுக் கோப்பு மட்டுமே சுமார் 5 ஜி.பி. இருக்கும். அதன்பிறகு இற்றைப்படுத்தல்களும் ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக இறங்க வேண்டும். கைப்பேசியின் பிரீபெய்ட் இணையத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறிய செலவல்ல. நகலெடுப்பதற்குத் தேவையான மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். நகலெடுக்கும் வேலைக்கு இணையமே வேண்டாம்.

தட்டு ஏன் மெதுவாகிறது?

வன்தட்டு 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய தொழில்நுட்பம். முதல் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஆனால் அது தாங்கிய தகவல் சுமார் 5 மெகாபைட், அதாவது இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றோ இரண்டோதான். அளவு சுருங்கியிருக்கிறதே தவிர, அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல, ஒரு சிறு கை அதன்மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது.

சாதாரண லேப்டாப் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு கோப்புகளில் விநாடிக்கு நூற்றைக்கூட அது தொடுவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லை. மின்னணுச் சில்லுகளிலிருந்து நேராகப் படிப்பதால், அதே வகைச் சிறு கோப்புகளை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் அது எடுத்துத் தரும். பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போட்டவுடன் புது உயிர் வந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றத்தின் தடத்தை நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் காணலாம். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. வன்தட்டுகளுக்கான தேவை குறைவதைக் காரணமாகச் சொன்ன அந்நிறுவனம், அதே வேளையில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. தயாரிப்பை விரிவுபடுத்தியது.

முதலில் பார்க்க வேண்டியவை

பணம் செலவழிக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்.

1. உள்ளே இருப்பது என்ன? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதைத் தொட்டால் தட்டின் வகையும் மாடல் எண்ணும் தெரியும். வேலை எதுவும் செய்யாதபோதும் அங்கே 100 விழுக்காடு என்று நெடுநேரம் நின்றால், தாமதத்துக்குத் தட்டே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. மாற்ற முடிகிற வகையா? மொத்தக் கொள்ளளவு 32 அல்லது 64 ஜி.பி. மட்டுமே உள்ள மலிவு விலை லேப்டாப்புகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதை இ.எம்.எம்.சி. என்பார்கள். அதைக் கழற்ற முடியாது. இது தெரியாமல் எஸ்.எஸ்.டி. வாங்கினால் பணம் வீண்.

3. எந்த வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும்? சுழலும் தட்டு உள்ள லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும். சில லேப்டாப்புகளில் இதோடு எம்.2 என்ற சிறிய பட்டை வடிவத் துளையும் காலியாக இருக்கும். அந்தத் துளையிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

4. பழைய தட்டின் உடல்நிலை என்ன? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், தட்டு நலமா, எச்சரிக்கையா, மோசமா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். நலம் என்றால் கீழே உள்ள முறையை அப்படியே பின்பற்றலாம். எச்சரிக்கை என்றால் முக்கியக் கோப்புகளை உடனே வேறிடத்தில் காப்பாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. மோசம் என்றாலோ, தட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, லேப்டாப்பை அணைத்துவிட்டு இக்கட்டுரையின் பிற்பகுதிக்குச் செல்ல வேண்டும்.

வாங்க வேண்டியவை

எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு, பழைய தட்டின் மொத்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 500 ஜி.பி. தட்டில் 120 ஜி.பி. மட்டுமே நிரம்பியிருந்தால், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யிலும் அடக்கிவிடலாம். ஆனால் எல்லா மென்பொருளும் இப்படிச் சுருக்கித் தராது என்பதால், முதல்முறை செய்பவர்கள் சமமான அல்லது பெரிய அளவை வாங்குவது நல்லது.

இதோடு, சாட்டாவை யூ.எஸ்.பி.யாக மாற்றும் வெளிக்கூடு ஒன்று வேண்டும். எம்.2 வகைக்கு அதற்கேற்ற கூடு தனியாகக் கிடைக்கும். யூ.எஸ்.பி. 3.0 வகையாகப் பார்த்து வாங்கினால் நேரம் மிச்சமாகும். 120 ஜி.பி. தகவலை யூ.எஸ்.பி. 2.0 வழியாக நகலெடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 3.0 வழியாக, பழைய தட்டு நல்ல நிலையில் இருந்தால், இருபது நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் முடியலாம். சிறிய நட்சத்திரத் திருப்புளி ஒன்றும் தேவை. ஈப்போவில் யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸ் போன்ற இடங்களில் உள்ள கணினிக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும்.

நகலெடுக்கும் முன்

குடும்பப் படங்கள், பள்ளி ஒப்படைப்புகள், கணக்குகள் ஆகியவற்றை முதலில் பென்டிரைவிலோ வேறு தட்டிலோ தனியாக எடுத்து வைக்க வேண்டும். நகலெடுக்கும்போது தவறு நேர்ந்தால் காப்பாற்றப்போவது இந்தத் தனிப்பிரதிதான். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

அடுத்தது பிட்லாக்கர். பல லேப்டாப்புகளில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே தட்டு பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸ் பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அணைத்துவிட்டு, பூட்டு முழுவதும் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதிக்கொள்வது பாதுகாப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தச் சாவி அங்கே இருக்கும். கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் இப்போதே மீட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மின்சாரம். கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை புதிதல்ல. நகலெடுக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதும், சார்ஜரைச் செருகியே வைத்திருப்பதும் நல்லது. நடுவில் நின்றுபோனாலும் பொதுவாகப் பழைய தட்டுக்கு ஆபத்தில்லை, ஏனெனில் அதிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறோம். புதியதில் மட்டும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

நகலெடுக்கும் முறை

எஸ்.எஸ்.டி.யை வெளிக்கூட்டில் பொருத்தி, லேப்டாப்பின் யூ.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். பல எஸ்.எஸ்.டி. நிறுவனங்கள் தங்கள் பொருளுக்கென்று நகலெடுக்கும் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. சாம்சுங்குக்குச் சொந்த மென்பொருள் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல், கிங்ஸ்டன் போன்றவை அக்ரோனிஸ் மென்பொருளின் பதிப்பை வழங்குகின்றன. இவை விண்டோஸ் இயங்கும்போதே வேலை செய்யும், சிறிய தட்டுக்கும் சுருக்கித் தரும். எந்த நிறுவனத்துக்கும் பொதுவானது, தைவானில் உருவாக்கப்பட்ட குளோன்சில்லா. முற்றிலும் இலவசம். பென்டிரைவிலிருந்து தொடங்கி இயங்கும். ஆனால் சாதாரண முறையில் அதற்குப் புதிய தட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். குளோன்சில்லாவைப் பயன்படுத்துபவர்கள் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்து விண்டோஸை முழுமையாக அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும்.

ஒன்று, திசை. எதிலிருந்து எதற்கு என்று மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால், காலியான எஸ்.எஸ்.டி. பழைய தட்டின்மேல் நகலாகி எல்லாம் அழிந்துவிடும். இரண்டு தட்டுகளின் அளவையும் மாடல் எண்ணையும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் காண்பதோடு ஒப்பிட்ட பிறகே சம்மதம் கொடுக்க வேண்டும்.

மற்றொன்று, முழுமை. சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் போதாது. லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் சிறு பகுதியும் மீட்புப் பகுதியும் கண்ணுக்குத் தெரியாமல் அதே தட்டில் இருக்கின்றன. அதனால் முழுத் தட்டையும் நகலெடுக்கும் தெரிவையே எடுக்க வேண்டும். தொடக்கப் பகுதி விடுபட்டால், கோப்புகள் எல்லாம் வந்திருந்தும் லேப்டாப் எழும்பாது.

கழற்றி மாட்டுதல்

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்துவிட வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடலாம். உள்ளேயே இருந்தால், அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். கைகளால் உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடிமூடியின் திருகுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது. நீளமான திருகைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் பலகையே உடையக்கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

வன்தட்டு ஓர் உலோகச் சட்டத்தில் நான்கு திருகுகளோடு இருக்கும். சட்டத்தைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதற்கு மாட்ட வேண்டும். பெரும்பாலான 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.கள் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய தட்டு 9.5 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி இருக்கும். அதற்கான பிளாஸ்டிக் சட்டம் எஸ்.எஸ்.டி. பெட்டியிலேயே வந்தாலும் வரும். பட்டை வயரை இழுக்காமல், அதன் முனையைப் பிடித்து மெல்ல எடுக்க வேண்டும்.

மாட்டியபின் முதல்முறை தொடங்கும்போது பழைய தட்டு யூ.எஸ்.பி.யில் செருகியிருக்கக் கூடாது. இரண்டு தட்டுகளுக்கும் அடையாளக் குறி ஒன்றாகவே இருப்பதால் விண்டோஸ் குழம்பிப்போகும்.

எழும்பவில்லை என்றால்

பெரும்பாலும் காரணம் சிறியதாகத்தான் இருக்கும். தட்டே தெரியவில்லை என்றால் இணைப்பு சரியாக உட்காரவில்லை. தட்டு தெரிந்தும் தொடங்கவில்லை என்றால், பயாஸில் தொடக்க வரிசையில் புதிய தட்டு முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே உள்ள சாட்டா முறையையோ யூ.இ.எஃப்.ஐ. முறையையோ யாரும் மாற்றியிருந்தால், முன்பிருந்தபடி திருப்ப வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால், விண்டோஸ் பதிவு பென்டிரைவிலிருந்து தொடங்கி ஸ்டார்ட்டப் ரிப்பேர் கொடுத்துப் பார்க்கலாம். எதுவும் நடக்காவிட்டாலும் பதற வேண்டாம். பழைய தட்டு தொடப்படாமல் இருக்கிறது. அதைத் திரும்ப மாட்டினால் லேப்டாப் முன்பிருந்த நிலைக்கு வந்துவிடும்.

விண்டோஸ் உரிமம் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைந்தது. தட்டை மாற்றியதற்காக மட்டும் அது போவதில்லை. ஆனால் இன்னொன்றை மறக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தட்டை மாற்றுவதால் வேகம் கூடும், இந்த நிலை மாறாது. லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்வது அறிவுடைமை.

தட்டு ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்தால்

இங்கேதான் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். சத்தம் போடும் தட்டைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பது, தானியங்கிப் பழுதுபார்ப்பை இரவு முழுவதும் ஓட விடுவது, உறைபெட்டியில் வைத்து எடுப்பது ஆகிய அனைத்தும் எஞ்சியிருப்பதையும் கெடுக்கும். அந்தத் தட்டு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருக்கும் ஆயுளிலிருந்து கழிகிறது.

இந்த நிலையில் சாதாரண நகலெடுப்பு மென்பொருள் கெட்ட இடத்தில் மோதி அங்கேயே நின்றுவிடும். டிடி ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் வேறு விதமாக வேலை செய்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். இதைப் பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. டக் டக் சத்தம் வரும் தட்டில், இனி எடுக்கவே முடியாத படங்கள் இருந்தால், எதையும் முயலாமல் தகவல் மீட்பு நிபுணரிடம் கொண்டுபோவதுதான் ஒரே வழி.

கடையில் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை

எல்லோரும் திருப்புளி பிடிக்க வேண்டும் என்பதில்லை. கடையில் கொடுத்தாலும் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். குளோன் செய்து தருவீர்களா, அல்லது விண்டோஸ் புதிதாகப் பதிவீர்களா? எஸ்.எஸ்.டி.க்கு எத்தனை வெள்ளி, கூலிக்கு எத்தனை வெள்ளி? எஸ்.எஸ்.டி.யின் பிராண்டு என்ன, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழைய தட்டைத் திருப்பித் தருவீர்களா? விடைகளை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. திரும்ப எடுக்கும்போது கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து, படங்களும் மென்பொருள்களும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம்.

பழைய தட்டை என்ன செய்வது?

குறைந்தது ஒரு மாதம் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். விடுபட்ட கோப்பு ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அதன்பிறகு, தட்டு நல்ல நிலையில் இருந்தால், காலியான வெளிக்கூட்டில் போட்டு வீட்டுப் படங்களுக்கான காப்புத் தட்டாகப் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் செத்துப்போகக்கூடியது. அதனால் இந்த இரண்டாம் பிரதி இனிமேல்தான் அதிகம் தேவைப்படும்.

கெட்டுப்போன தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடக் கூடாது. அடையாள அட்டையின் நகல், வங்கி அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கலாம். குயிக் ஃபார்மட் கொடுத்தால் பெயர்ப்பட்டியல்தான் போகும், கோப்புகள் அப்படியே கிடக்கும். தட்டு இன்னும் இயங்கினால் முழு ஃபார்மட் கொடுக்க வேண்டும். இயங்காவிட்டால் உள்ளிருக்கும் தட்டுகளைத் துளைத்துவிட வேண்டும். மின்னணுக் கழிவு நம் நாட்டுச் சட்டப்படி அட்டவணைக் கழிவு வகையைச் சேர்ந்தது. குப்பைத் தொட்டியில் வீசாமல், சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: தட்டின் நிலையைப் பார்ப்பது, முக்கியக் கோப்புகளைத் தனியே எடுப்பது, முழுத் தட்டையும் நகலெடுப்பது, மாட்டி ஓட்டிப் பார்ப்பது, ஒரு மாதம் கழித்துப் பழையதை அழிப்பது. இந்த வரிசை மாறாதவரை, லேப்டாப் ஒருவேளை கைவிட்டாலும் அதற்குள் இருக்கும் குடும்பத்தின் பல ஆண்டுகள் பத்திரமாக இருக்கும்.